மூட்டையில வர்றது மண்ணா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாசம் வாசல் பூச்செடி பத்தி நாலு வரி எழுதுனதுல இருந்து மண்ணப் பத்தியே கேள்வி வந்துக்கிட்டு இருக்கு, அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க மண்ணுக்கே குடுத்துட்டேன். எல்லாக் கேள்விக்கும் எடம் பத்தல, மிச்சத்துக்கு அடுத்த இதழ்ல எழுதுறேன்.

அக்கா, மகன் ஃபார்ம் த்ரீ படிக்கிறான். மண்ணுன்னா என்னன்னு கேட்டதுக்கு "பாறை உடைஞ்சு தூளானதுதான் மண்"னு எழுதியிருக்கான், சிக்கு (டீச்சர்) பாதி மார்க்தான் போட்டிருக்காங்க. எனக்கும் அதுதானே தெரியும், வேற என்ன எழுதணும்?
ஆயர் ஈத்தாம் வாசகி

தங்கச்சி, தம்பி எழுதுனது தப்பில்ல, ஆனா நெஜமாவே அது பாதிதான். செடி நல்லா வளர்ற மேல் மண்ண எடுத்து கன அளவுல பிரிச்சுப் பாத்தா ஏறக்குறைய 45 சதவீதம்தான் பாறையில இருந்து வந்த தூள், ஒரு 5 சதவீதம் மக்குன இலை, வேரு, செத்த பூச்சி புழு, மிச்சம் இருக்கிற பாதி வெறும் காத்தும் தண்ணியும். பாடப்புத்தகத்துல காத்து கால் பங்கு தண்ணி கால் பங்குன்னு போட்டிருப்பாங்க, ஆனா அது மழை பேஞ்ச அன்னிக்கு ஒரு கணக்கு, ஒரு வாரம் வெயில் அடிச்சா வேற கணக்கு. அந்தக் காத்து இல்லன்னா வேருக்கு மூச்சு இல்ல, தண்ணி தேங்குன எடத்துல செடி வாடிச் சாவுறது அதனாலதான்.

சரி, அப்ப பாறைத்தூள், மக்குன இலை, தண்ணி எல்லாத்தையும் அதே அளவுல ஒரு பேசின்ல போட்டுக் கலக்குனா மண்ணு ஆயிடுமான்னா, ஆகாது. விஞ்ஞானம் சொல்ற மண்ணுல எது எவ்வளவு இருக்குங்கிறத விட, அது அந்த எடத்துலயே எப்படி உருவாச்சுங்கிறதுதான் முக்கியம். இத மொதல்ல தெளிவா சொன்னவரு ரஷ்யாவுல வசிலி டோக்குச்சேவ். அவருக்கு முன்னாடி ரசாயனக்காரங்க மண்ண சத்து இருக்கிற கிடங்கா மட்டும் பாத்தாங்க, ஜெர்மனியில லீபிக் 1840-ல எழுதுன விவசாய ரசாயனப் புத்தகத்துக்கப்புறம் அந்தப் பார்வைதான் ஓங்கி இருந்துச்சு, பாறை ஆராய்ச்சி பண்றவங்களோ மண்ண தேய்ஞ்சு போன பாறைன்னு நெனச்சுட்டு கடந்து போயிட்டாங்க. 1870-கள்ல ரஷ்யாவுல வறட்சி வந்து கறுப்பு மண் பூமியிலயே விளைச்சல் போனப்ப, அந்த மண்ண ஆராய்ச்சி பண்ண டோக்குச்சேவ அனுப்புனாங்க, அவரு ஊர் ஊரா போயி குழி வெட்டிப் பாத்து 1883-ல அந்தக் கறுப்பு மண்ணப் பத்தி பெரிய ஆய்வு ஒன்னு வெளியிட்டாரு. ஒரே மாதிரி பாறை கீழ இருந்தாலும் மழையும் புல்லும் மாறுனா மேல இருக்கிற மண்ணும் மாறுதுன்னு அவரு கண்டுக்கிட்டாரு. அதனால மண்ணுங்கிறது பாறையோட மிச்சம் இல்ல, செடி மாதிரி மிருகம் மாதிரி இயற்கையில தனியா நிக்கிற ஒரு பொருள், அத உருவாக்குறது அஞ்சு காரணம்: அடிப்பாறை, மழை வெயில், உயிர்கள், நெலத்தோட ஏத்த எறக்கம், காலம். இதையே 1941-ல ஹான்ஸ் ஜென்னின்னு ஒருத்தர் அமெரிக்காவுல கணக்குச் சமன்பாடாவே எழுதிக் காட்டுனாரு.

உங்க ஊர்லயே இத வெச்சுப் பாக்கலாம். ஆயர் ஈத்தாமுக்குப் பின்னாடி புக்கிட் பெண்டேரா ஏறிப் போற பக்கம் எங்கயாவது மலைய வெட்டி ரோடு போட்டிருந்தா, வண்டிய ஓரமா நிறுத்திட்டு அந்த வெட்டுச் சுவர கிட்டப் போயி பாருங்க. மேல ஒரு சாண் அளவுக்கு பழுப்பா, வேரோட, பொலபொலன்னு இருக்கும். அதுக்குக் கீழ மஞ்சளும் செவப்புமா கெட்டியா ஒரு அடுக்கு, பல எடத்துல ஆள் ஒசரத்துக்கு மேலயே போகும். இன்னும் கீழ கல்லும் இல்லாம மண்ணும் இல்லாம, நகத்தால கீறுனாலே உதிர்ற மாதிரி, ஆனா பழைய பாறையோட புள்ளி புள்ளி டிசைன் அப்படியே தெரியும். அதுக்குள்ள அங்கங்க உருண்டைப் பாறை. பினாங்குத் தீவு பெரும்பாலும் கிரானைட். கிரானைட்ல இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் கனிமம் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யிற மழையில கரைஞ்சு மாறி வெள்ளைக் களிமண்ணாயிடும், கறுப்பு மைக்காவுல இருக்கிற இரும்பு துருப்புடிச்சு அந்தக் களிக்கு மஞ்சளும் செவப்பும் குடுக்கும், குவார்ட்ஸ் மட்டும் எதுக்கும் அசையாம பருமணலா நின்னுடும். அதனாலதான் நம்ம மலை மண்ண விரல்ல தேய்ச்சா ஒரே நேரத்துல நறநறன்னும் இருக்கும், ஒட்டவும் செய்யும்.

அந்த செவப்பு அடுக்குல இருந்து ஒரு கட்டிய எடுத்து கையால மெதுவா பொளந்து பாருங்க, ஒடைஞ்ச பக்கத்துல மெழுகு பூசுன மாதிரி லேசா மினுமினுப்பு தெரியலாம். மேல இருந்து மழைத்தண்ணி எறக்கிக் கொண்டாந்த ரொம்ப நுணுக்கமான களி அங்க படிஞ்சிருக்குன்னு அர்த்தம். இது ஒரு நாள்ல நடக்கிற வேல இல்ல, ஆயிரக்கணக்கான வருஷம். மேல இருந்து சிலது சேருது, சிலது கரைஞ்சு வெளிய போகுது, சிலது ஒரு அடுக்குல இருந்து இன்னொரு அடுக்குக்கு எறங்குது, சிலது வேற பொருளா மாறுது. இந்த நாலும் சேந்துதான் அடுக்கு வருது.

அமெரிக்க விவசாய இலாகா மண் வகைப்பாட்டுக்குன்னு வெச்சிருக்கிற வரையறையும் இதத்தான் சொல்லுது. தம்பி இப்படி எழுதட்டும்: "மண் என்பது கனிமம், உயிரிலிருந்து வந்த பொருள், நீர், காற்று சேர்ந்த, நில மேற்பரப்பில் இருக்கும் இயற்கைப் பொருள். அது உருவான பொருளிலிருந்து மாறிய அடுக்குகள் அதில் இருக்கும், அல்லது வேர்விட்ட செடியைத் தாங்கும் தன்மை அதற்கு இருக்கும்." அந்த "அல்லது" முக்கியம், விட்டுடாம எழுதச் சொல்லுங்க. ஆத்து ஓரத்துல புதுசா படிஞ்ச வண்டல்ல அடுக்கு இன்னும் வந்திருக்காது, ஆனா புல்லு மொளைக்குதுல்ல, அதுவும் மண்ணுதான்.

செராஸ்ல புது தாமான்ல (குடியிருப்புல) வீடு வாங்கி வந்துட்டோம். வாசல்ல நல்ல செம்மண்ணுதான் இருக்கு, ஆனா கறிவேப்பிலை கூட வரமாட்டேங்குது. செம்மண்ணு வளமான மண்ணுன்னு தாத்தா சொல்வாரே?
செராஸ் வாசகர்

தம்பி, தாத்தா சொன்ன செம்மண்ணும் உங்க வாசல்ல இருக்கிற செம்மண்ணும் கலர்ல மட்டும்தான் சொந்தம். தமிழ்நாட்டுல மழை கம்மி, அங்க செம்மண்ணுல இருந்து சுண்ணாம்புச் சத்து அவ்வளவா கரைஞ்சு போகல. இங்க மழை விடாம பேஞ்சு பேஞ்சு கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அடியில போயிடுச்சு, மிஞ்சுனது இரும்பும் அலுமினியமும் சத்தப் புடிச்சு வெக்கத் தெரியாத களியும். மலேசியாவோட பெரும்பகுதி மண்ணு இந்த ரகம்தான், வகைப்பாட்டுல அல்டிசால், ஆக்ஸிசால்னு சொல்வாங்க. பிஎச் அளந்தா 4-க்கும் 5-க்கும் நடுவுல நிக்கும், அவ்வளவு புளிப்புல அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியையே கருக்கிடும்.

அப்ப காடு எப்படி அவ்வளவு பச்சையா இருந்துச்சுன்னு கேப்பீங்க. காட்டோட சத்து பெரும்பகுதி மரத்துலயும் மேல இருக்கிற அந்த ஒரு சாண் மண்ணுலயும்தான் சுத்திக்கிட்டு இருக்கும், இலை விழுது, மக்குது, வேரு உடனே உறிஞ்சுது. தாமான் கட்டுறப்ப புல்டோசர் மொதல்ல வழிக்கிறதே அந்த ஒரு சாணத்தான்! எல்லா டெவலப்பரும் அத தனியா குவிச்சு வெச்சு கடைசியில திரும்பப் பரப்புறது கெடையாது. உங்களுக்குக் கெடைச்சது அடி மண்ணு, லோரியும் மெஷினும் ஏறி எறங்கி இறுக்குனது, அதுல காத்துக்கும் வழியில்ல. ஒரு சில சென்டிமீட்டர் மேல் மண்ணு சேர நூத்துக்கணக்கான வருஷம் ஆகும், அத ஒரு காலைப் பொழுதுல வழிச்சு எடுத்துப் போயிடுறாங்கன்னு நெனைக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். வீடு வேணாம்னு யாரும் சொல்லல, வழிச்ச மேல் மண்ண மூடி வெச்சு அதே தாமான்ல திரும்பப் போடுங்கன்னுதான் கேக்குறோம்.

தோட்டத்துல இருந்த பெரியவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ரப்பர் தோட்டத்துல ஆரம்ப காலத்துல புல்லு பூண்டே இல்லாம வழிச்சு சுத்தமா வெச்சிருக்கணும்னு தொரைமாருங்க ஆர்டர் போட்டாங்க, மழையில மேல் மண்ணு அப்படியே ஆத்துக்குப் போச்சு, அப்புறம்தான் புத்தி வந்து மரத்துக்கு நடுவுல பயறு வகை கொடியப் படர விட்டாங்க, மண் அரிச்சுப் போறதப் புடிக்க சரிவுல குழி வெட்டுனாங்க. அந்தக் கொடி மண்ண மூடுனதோட இல்லாம காத்துல இருக்கிற நைட்ரஜனையும் வேர் முடிச்சுல புடிச்சுக் குடுத்துச்சு.

நீங்க செய்யவேண்டியது: நட வேண்டிய எடத்துல ரெண்டு அடி ஆழம் கொத்தி இறுக்கத்த ஒடைங்க, விவசாயக் கடையில ஜிஎம்எல்னு கேட்டா மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள் குடுப்பாங்க, அத ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு மூணு கைப்பிடி தூவிக் கலந்து சில வாரம் விடுங்க, மக்குன எருவ தாராளமா போடுங்க, காஞ்ச எலையக் கூட்டி குப்பையில போடாம அங்கயே மேல பரப்புங்க. ஒரே வருஷத்துல அதிசயம் நடக்காது, ஆனா மண்புழு வர ஆரம்பிச்சா கறிவேப்பிலையும் வந்துடும்.

பிரிக்பீல்ட்ஸ்ல கொண்டோவுல இருக்கோம். நர்சரியில வாங்குற கறுப்பு மண்ணு, கோக்கோபீட் இதெல்லாம் மண்ணுதானா?
பிரிக்பீல்ட்ஸ் வாசகி

அம்மா, கோக்கோபீட் மண்ணு இல்ல, தேங்கா மட்டையோட தூள். தண்ணி நல்லாப் புடிக்கும், சத்து அதுல ரொம்பக் கம்மி. மூட்டையில வர்ற கறுப்பு மண்ணு பெரும்பாலும் மேல் மண்ணோ மக்குன குப்பையோ மணலோ சேத்த கலவை. தொட்டிக்கு அது போதும், செடிக்கு என்ன வரையறையா தெரியப் போகுது, வேரு விட எடம் இருந்தா சரி. ஆனா மண் விஞ்ஞானி கிட்ட கேட்டா, எடத்த விட்டு வெட்டி எடுத்தப்பவே அதோட அடுக்கும் வரலாறும் போயிடுச்சு, இப்ப அது மண்ணுல இருந்து எடுத்த பொருள்னுதான் சொல்வாரு. நானும் அந்தக் கட்சிதான்.

உங்க ஏரியாவப் பத்தி ஒன்னு சொல்லணும். 1881-ல கோலாலம்பூர்ல பெரிய தீ, அதே வருஷம் வெள்ளம், அத்தாப்புக் கூரையும் பலகையுமா இருந்த ஊரு அழிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் சிலாங்கூர்ல பிரிட்டிஷ் ரெசிடெண்டா இருந்த ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் வெச்சுத்தான் கட்டணும்னு சொல்ல, பின்னாடி சீனக் கப்பித்தானான யாப் குவான் செங் உங்க பக்கத்துலதான் செங்கல் சூளை போட்டாரு. அந்தக் காலத்துக் கோலாலம்பூர் எழும்புனதே பிரிக்பீல்ட்ஸ் களிமண்ணுலதான்.

கேஎல் முழுக்க சிமெண்டும் தாரும்தான். அடியில இருக்கிறது இன்னும் மண்ணுதானா, இல்ல செத்துப் போச்சா?
செந்தூல் வாசகர்

மண்ணுதான் சார். உலக அளவுல பயன்படுத்துற டபிள்யூஆர்பின்னு ஒரு வகைப்பாடு இருக்கு, 32 பெரிய வகை. அதுல தரை மட்டத்துல இருந்து 2 மீட்டர் ஆழம் வரைக்கும் காத்தோட தொடர்பு இருக்கிற எதையும் மண்ணுக் கணக்குலதான் சேக்குறாங்க, உயிரோட இருக்கிற செடி மிருகம், வெறும் பனிக்கட்டி, 2 மீட்டருக்கு மேல ஆழமான தண்ணி, இது மட்டும் விலக்கு. தார் போட்ட ரோடும், கட்டட இடிபாடு கொட்டுன நெலமும் 2006-ல இருந்து டெக்னோசால்னு தனி வகையா வந்துடுச்சு. பழைய ஈய லம்பத்துல (ஈயச் சுரங்கத்துல) மணலும் சேறுமா விட்டுப் போன நெலம் கேஎல் சுத்தி எவ்வளவு இருந்துச்சுன்னு உங்க அப்பா காலத்து ஆளுங்களக் கேளுங்க, மனுஷன் கை வெச்ச மண்ணுக்கு அதவிட நல்ல உதாரணம் கெடையாது. மூடுன மண்ணுக்கு மழையும் காத்தும் இலையும் கெடைக்காது, அதனால அதோட உயிர் ரொம்பக் கொறைஞ்சு போயிடும். ஒடைச்சு வெளிச்சம் காட்டுனா மெதுவா திரும்பி வரும்.

எங்க மாமா காண்ட்ராக்டர். பட்டர்வொர்த்துல கட்டடம் கட்ட "சாயில் டெஸ்ட்" எடுத்தோம், 30 மீட்டர் வரைக்கும் மண்ணுன்னு சொல்றாரு. நீங்க 2 மீட்டர்ங்கிறீங்க, எது சரி?
பட்டர்வொர்த் வாசகர்

ரெண்டும் சரி தம்பி. இஞ்சினியருக்கு பாறைக்கு மேல இறுகாம இருக்கிற எல்லாமே மண்ணு, அதுல செடி மொளைக்குமாங்கிறது அவருக்குத் தேவையில்ல, கட்டடத்தத் தாங்குமாங்கிறதுதான் தேவை. அந்த டெஸ்ட்ல 63.5 கிலோ சுத்தியல 760 மில்லிமீட்டர் ஒசரத்துல இருந்து திரும்பத் திரும்ப விழ வெச்சு, கொழாய் 300 மில்லிமீட்டர் எறங்க எத்தன அடி வேணும்னு எண்ணுவாங்க. கடலோரக் களிமண்ணுல ஒன்னு ரெண்டு அடியிலயே எறங்கிடும், அதனாலதான் உங்க பக்கம் அஸ்திவாரத்துக்கு எறக்குற தூண், அதான் பைலிங், ஆழமா போடுறாங்க. மண் விஞ்ஞானி பாக்குறது வேரும் மழையும் பூச்சியும் வேலை செய்யிற மேல் பகுதிய.

அப்பா வீடு பந்திங் பக்கம். அங்க தரை கறுப்பா, நடந்தா அமுங்கும், வறட்சியில தீப்புடிச்சுப் பொகை வரும். பாறைத்தூளே இல்லாத அதுவும் மண்ணா?
கேஎல் வாசகி

ஆமாம்மா, அதுவும் மண்ணுதான், கரி மண்ணு, மலாய்ல தானா காம்புட். தண்ணி தேங்குன காட்டுல விழுந்த மரமும் எலையும் காத்து இல்லாததால முழுசா மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா ஒன்னு மேல ஒன்னு சேந்தது. அமெரிக்க வகைப்பாட்டுல இருக்கிற 12 பெரும்பிரிவுல ஒன்னு முழுக்க இதுக்குத்தான், ஹிஸ்டோசால். நம்ம நாட்டுல ஏறக்குறைய 25 லட்சம் ஹெக்டர் இருக்கு, பெரும்பங்கு சரவாக்ல. பிழிஞ்சா வர்ற தண்ணி பழுப்பா இருக்கும். சாகுபடிக்குக் கால்வாய் வெட்டி தண்ணிய வடிச்சா காத்து உள்ள போயி மக்க ஆரம்பிக்கும், தரை வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் எறங்கிக்கிட்டே போகும், மரத்தோட வேரு வெளிய தெரியும், காஞ்சா எரியும். தீ தரைக்கு அடியிலயே ஊர்ந்து போறதால மேல தண்ணி ஊத்தி அணைக்க முடியாது, நெலத்தடி நீர திரும்ப ஒசத்தணும். அப்பா வீட்டுப் பக்கம் கால்வாய்க்குத் தடுப்புப் போட்டு தண்ணி மட்டத்த மேல வெச்சிருக்காங்களான்னு விசாரிச்சுப் பாருங்க.

நிலாவுல மண்ணு இருக்கா?
ஜெலுத்தோங் மாணவி

கண்ணு, இதுக்கு விஞ்ஞானிங்களுக்குள்ளயே இன்னும் வாக்குவாதம் இருக்கு. அப்போலோ பயணங்கள்ல 1969-ல இருந்து 1972 வரைக்கும் 382 கிலோ கல்லும் தூளும் கொண்டாந்தாங்க. அங்க ஓடுற தண்ணியும் இல்ல, உயிரும் இல்ல, விண்கல் மோதி மோதி ஒடைச்ச தூள்தான், அதனால பழைய வரையறைப்படி மண்ணு இல்ல. ஆனா அமெரிக்க மண் அறிவியல் சங்கம் 2017-ல தன்னோட வரையறைய மாத்துனப்ப பூமியோட மேற்பரப்புன்னு இருந்தத கோளோட மேற்பரப்புன்னு எழுதி கதவக் கொஞ்சம் தொறந்து வெச்சுட்டாங்க. 2022-ல ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துல அந்த நிலாத் தூள்ல தண்ணியும் சத்தும் ஊத்தி கடுகு குடும்பத்துச் சின்னச் செடி ஒன்ன மொளைக்க வெச்சாங்க. எல்லாம் மொளைச்சுச்சு, ஆனா வளர்ச்சி குட்டையாப் போயி தவிச்சுது. நம்ம பூமி மண்ணுல ஒரு கிராம்லயே கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கு, மழை பேஞ்சா வர்ற மண் வாசனையே அந்தக் கூட்டத்துல ஒரு வகை பாக்டீரியா விடுறது, அதே வகையில இருந்துதான் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல கெடைச்சுது. நிலாத் தூள்ல இப்படி ஒன்னும் இல்ல. என்னக் கேட்டா, உயிர் தொடாதத மண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

பாலிக் புலாவ்ல கொஞ்சம் நெலம் இருக்கு, டுரியான் வெக்கலாம்னு இருக்கேன். லேப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நானே மண்ணப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியுமா?
பாலிக் புலாவ் வாசகர்

தாராளமா முடியும் அண்ணே. ஒரு கண்ணாடிப் போத்தல்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மேல தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, நல்லாக் குலுக்கி வைங்க. சோப்ப மறக்காதீங்க, நம்ம செவப்பு மண்ணுல இரும்பு களிய முடிச்சு முடிச்சா கட்டிப் புடிச்சிருக்கும், சோப்பு இல்லன்னா அது மணல்னு நம்ம கண்ண ஏமாத்திடும். ஒரு நிமிஷத்துல அடியில படியறது மணல், அது 2 மில்லிமீட்டர்ல இருந்து 0.05 வரைக்கும். சில மணி நேரத்துல அதுமேல படியறது வண்டல். மறுநாளும் தண்ணிய கலங்கலா வெச்சிருக்கிறது களி, 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது.

டுரியானுக்கு அதவிட முக்கியம் குழி. மழைக் காலத்துல நெலத்துல மேடு ஒன்னு, தாழ்வு ஒன்னு, ரெண்டு எடத்துல மூணு அடி வெட்டிப் பாருங்க. செவப்பு இல்ல மஞ்சள் ஒரே சீரா எறங்கிப் போச்சுன்னா இரும்புக்குக் காத்து கெடைச்சிருக்கு, தண்ணி வடியுதுன்னு அர்த்தம். சாம்பல் கலர்ல நடுநடுவுல துருப்புள்ளி தெரிஞ்சா வருஷத்துல பல மாசம் அந்த மட்டத்துல தண்ணி நிக்குது, அங்க டுரியான் வெச்சா வேரழுகல் வந்து காய்க்கிற வயசுல மரம் போயிடும். சாம்பல் ஒன்னரை அடிக்குள்ளயே வந்துட்டா மரத்த மேட்டுப் பக்கமே வைங்க, தாழ்வுல கங்கோங் கீரை போடுங்க, ரெண்டு மூணு அடி ஆழத்துல போயி வந்தா வடிகால் வெட்டி மண்ண மேடு கட்டிட்டு நடலாம்.